சாவி யார் கையில்? நெட்வொர்க் சுவிட்சைத் திறந்து பார்க்கும் வழிகள்



உங்கள் கடையிலோ, பட்டறையிலோ, அலுவலகத்திலோ ஒரு சின்னப் பெட்டி இருக்கும். சுவரில் மாட்டிய ரேக்குக்குள் இருக்கலாம். மேஜைக்கு அடியில் தூசி படிந்து கிடக்கலாம். 8, 16, 24 என்று வரிசையாக லேன் கேபிள்கள் செருகியிருக்கும். பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டே இருக்கும். அதுதான் நெட்வொர்க் சுவிட்ச். பலர் இன்னும் பழைய பழக்கத்தில் ‘ஹப்’ என்றுதான் சொல்கிறோம்.

ரவுட்டர் வேறு, சுவிட்ச் வேறுங்க. வெளியிலிருந்து இணையத்தை உள்ளே கொண்டுவருவது ரவுட்டர். கம்ப்யூட்டர், பிரிண்டர், சிசிடிவி கேமரா, விரல் ரேகை வைக்கும் வருகைப்பதிவு மெஷின் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைப்பது சுவிட்ச். இணையம் போய்விட்டாலும் உங்கள் பில்லிங் கம்ப்யூட்டர் உள்ளே இருக்கும் சர்வரோடு பேச வேண்டும் என்றால், இந்தப் பெட்டி வழியாகத்தான் பேச வேண்டும்.

இந்தப் பெட்டிக்குள்ளே போய் செட்டிங்கைப் பார்ப்பதற்குக் கதவுகள் இருக்கின்றன. அந்தக் கதவுகள் எவை, அவற்றின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

நமக்கு இது எதற்கு?

ஓசூரில் டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் போன்ற பெரிய ஆலைகள் இருக்கின்றன. அந்த மாதிரி நிறுவனங்களில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளவே தனியாக ஆட்கள் இருப்பார்கள். ஆனால் சிப்காட்டிலும் சிட்கோவிலும் இருக்கும் சின்ன யூனிட்டுகளை நினைத்துப் பாருங்கள். லேத் வேலை, பிரஸ் வேலை, மோல்டிங், பேக்கிங் என்று பத்துப் பதினைந்து பேரோடு ஓடுகிற இடங்களில் அப்படி ஓர் ஆள் கிடையாது. முதலாளிதான் கணக்கும் பார்ப்பார், டெலிவரியும் பார்ப்பார்.

நம்ம ஊருக்கென்று இன்னொரு விஷயம் இருக்கிறது. ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, அதாவது கர்நாடகா. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போகிற சரக்கானாலும் அது மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்கு. தமிழ்நாட்டுக்குள் என்றால் 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் இ-வே பில் வேண்டும். எல்லை தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேலேயே வேண்டும். பொம்மசந்திராவுக்குப் பாகம் சப்ளை செய்கிற ஒருவருக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு சுவிட்ச் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் போடும் கம்ப்யூட்டருக்கு சர்வர் கிடைக்காது. பில் இல்லையென்றால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் அந்தப் பக்கம் லைன் நிற்கும். மேஜைக்கு அடியில் கிடக்கும் ஒரு பெட்டி இவ்வளவு செய்யும்.

அப்போது சுவிட்ச் மாட்டிக்கொடுத்தவரைத் தேடுவோம். பல இடங்களில் அவர் பெங்களூருவிலிருந்து வந்து ஒரே நாளில் வேலையை முடித்துப் போனவராக இருப்பார். இரண்டு வருடத்தில் அவர் கம்பெனி மாறியிருப்பார், நம்பர் மாறியிருப்பார். பாஸ்வேர்டும் அவரோடு போயிருக்கும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வேலை செய்கிறது என்பது வேறு. அது நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பது வேறு.

ஒரு நகரமே பூட்டப்பட்ட கதை

இது சின்ன ஊர்ப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். 2008 ஜூலையில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகத்துக்கே இது நடந்தது. மின்னஞ்சல், ஊழியர் சம்பளம், காவல்துறைப் பதிவுகள் எல்லாம் போய்வரும் நகரத்தின் ஃபைபர் நெட்வொர்க்கில், சுவிட்ச், ரவுட்டர்களின் நிர்வாகப் பாஸ்வேர்டு ஒரே ஒரு பொறியாளரிடம் இருந்தது. மேலதிகாரிகளோடு தகராறு வந்தபோது, பாஸ்வேர்டைத் தர முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். கைது செய்தார்கள். அப்போதும் தரவில்லை. கடைசியில் மேயர் கேவின் நியூசம் சிறைக்கே நேரில் போனார். அதன் பிறகுதான் பாஸ்வேர்டு வெளியே வந்தது. 2010-இல் அந்தப் பொறியாளருக்கு நான்கு ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? அத்தனை நாளும் நெட்வொர்க் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மின்னஞ்சல் போனது. விளக்குகள் பச்சையாகவே எரிந்தன. ஆனால் உரிமையாளரான நகர நிர்வாகத்தால் தன் பெட்டிக்குள் போக முடியவில்லை. உங்கள் சுவிட்சும் இந்த நிமிடம் அதே நிலையில் இருக்கலாம். அதை எப்படித் தெரிந்துகொள்வது? கதவுகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் உங்கள் பெட்டி எந்த வகை?

சுவிட்சுகளில் பெரிய பிரிவு இரண்டு. ஒன்று, செட்டிங்கே இல்லாதது. கேபிளைச் செருகினால் வேலை செய்யும்; அவ்வளவுதான். இதை ‘அன்மேனேஜ்டு’ என்பார்கள். இதற்குக் கதவு கிடையாது, எனவே சாவியும் கிடையாது. வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் இது போதும்.

இன்னொன்று, உள்ளே போய் செட்டிங் செய்யக்கூடியது. இதை ‘மேனேஜ்டு’ அல்லது ‘ஸ்மார்ட்’ சுவிட்ச் என்பார்கள். எந்த போர்ட்டில் என்ன ஓடுகிறது என்று பார்க்கலாம். பயன்படாத போர்ட்டை மூடி வைக்கலாம். ஒரே பெட்டியை உள்ளுக்குள்ளே பிரித்து, கேமராக்கள் ஒரு பக்கம், பில்லிங் ஒரு பக்கம், வருகிறவர்களுக்கான வைஃபை ஒரு பக்கம் என்று சுவர் எழுப்பலாம். இந்தச் சுவருக்கு ‘வி-லேன்’ என்று பெயர். கேமரா வழியாக யாராவது உள்ளே நுழைந்தாலும் கணக்குக் கம்ப்யூட்டர் வரை வரவிடாமல் தடுப்பது இந்தச் சுவர்தான்.

எந்த வகை என்று தெரிய, பெட்டியின் அடியிலோ பின்பக்கமோ இருக்கும் ஸ்டிக்கரை போனில் படம் எடுங்கள். மாடல் எண்ணைத் தேடிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். மேனேஜ்டு வகை என்றால் மேலே கேளுங்கள்.

முதல் கதவு: கன்சோல்

பல மேனேஜ்டு சுவிட்சுகளில் ‘கன்சோல்’ என்று எழுதிய ஒரு தனி போர்ட் இருக்கும். பார்க்க லேன் போர்ட் மாதிரியே இருக்கலாம். ஆனால் லேன் கேபிளைச் செருகினால் எதுவும் நடக்காது. இதற்கென்று தனிக் கேபிள் உண்டு. ஒரு முனை சுவிட்சில், மறுமுனை யூ.எஸ்.பி. வழியாக லேப்டாப்பில். புட்டி போன்ற இலவச மென்பொருளைத் திறந்து, வேகத்தைச் சரியாகக் கொடுத்தால் கறுப்புத் திரையில் சுவிட்ச் பேச ஆரம்பிக்கும். பல மாடல்களில் இந்த வேகம் 9600, சிலவற்றில் 115200. ஓ.டி.ஜி. இணைப்பான் இருந்தால் சில ஆண்ட்ராய்டு போன்களிலும் இதைச் செய்யலாம்.

இந்தக் கதவின் பலம் இதுதான்: நெட்வொர்க் முழுவதும் செத்துக் கிடந்தாலும் இது திறக்கும். ஐ.பி. அட்ரஸ் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் புது சுவிட்சை முதன்முதலில் செட்டிங் செய்யவும், எல்லாமே கெட்டுப்போன பிறகு சரிசெய்யவும் டெக்னீஷியன்கள் இதைத் தேடுகிறார்கள்.

இதன் ஆபத்தும் அதேதான். பெட்டியின் பக்கத்தில் நிற்கும் எவரும் இந்தக் கதவைத் தட்ட முடியும். எனவே ரேக்குக்குப் பூட்டு போடுங்கள். பூட்டின் விலை சில நூறு ரூபாய்தான்.

இரண்டாவது கதவு: பிரவுசர்

போன் வைத்திருக்கும் நமக்கு இதுதான் பழக்கமான கதவு. வைஃபை வழியாக அந்த நெட்வொர்க்கில் இணைந்துகொண்டு, பிரவுசரில் சுவிட்சின் ஐ.பி. அட்ரஸைத் தட்டினால் லாகின் பக்கம் வரும். புதுப் பெட்டியாக இருந்தால் கம்பெனி வைத்த அட்ரஸ் இருக்கும். டி-லிங்க் சுவிட்சுகள் பலவற்றில் 10.90.90.90. சிஸ்கோவின் சிறுதொழிலுக்கான வகைகளில் 192.168.1.254. டி.பி.-லிங்க்கில் பெரும்பாலும் 192.168.0.1. உங்கள் மாடலுக்கு எது என்பது கையேட்டில் இருக்கும்.

போனில் முயற்சி செய்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. அந்த வைஃபையில் இணையம் வராவிட்டால் போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், பக்கம் திறக்காது. எனவே அந்த நேரத்துக்கு மட்டும் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். ‘பாதுகாப்பற்றது’ என்று பிரவுசர் எச்சரித்தாலும் பதற வேண்டாம். உள்ளூர்ப் பெட்டிகளுக்கு வெளியார் கொடுத்த சான்றிதழ் இருக்காது என்பதால் அப்படி வரும். நீங்கள் தட்டிய அட்ரஸ் உங்கள் சுவிட்சின் அட்ரஸ்தானா என்பதை மட்டும் இரண்டு தடவை பாருங்கள்.

வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கும் வைஃபையில் இருந்துகொண்டு இந்த லாகின் பக்கம் திறக்கிறதா என்றும் சோதித்துப் பாருங்கள். திறந்தால் அது சரியில்லை. டீ கொண்டு வருகிற பையனுக்கும், சரக்கு ஏற்ற வந்த டிரைவருக்கும் உங்கள் பீரோவின் கதவு தெரியும்படி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது கதவு: டெல்நெட்டும் எஸ்.எஸ்.எச்.சும்

தூரத்தில் இருந்துகொண்டு கட்டளைகளைத் தட்டச்சு செய்து சுவிட்சை இயக்க இரண்டு வழிகள் உண்டு. பழையது டெல்நெட், எண் 23. புதியது எஸ்.எஸ்.எச்., எண் 22.

வித்தியாசம் எளிமையானது. டெல்நெட்டில் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டு அப்படியே கேபிளில் போகிறது, ஒட்டாத தபால் கார்டு மாதிரி. வழியில் நிற்கும் யாரும் படிக்கலாம். எஸ்.எஸ்.எச்.-இல் அது பூட்டிய உறைக்குள் போகிறது. 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அதைப் பார்த்துத்தான் அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த தாத்து யுலோனென் எஸ்.எஸ்.எச்.-ஐ உருவாக்கினார்.

அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன! இன்றும் டெல்நெட் திறந்து கிடக்கும் பெட்டிகள் இருக்கின்றன. 2016-இல் ‘மிராய்’ என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அது பெரிய வித்தை எதுவும் செய்யவில்லைங்க. திறந்திருந்த டெல்நெட்டைத் தேடிப்போய், கம்பெனி வைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபதுக்கு மேல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அட்மின், அட்மின் என்று விட்டிருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 21-இல் அந்தப் பெட்டிகளையே படையாகத் திரட்டித் தாக்கியதில், அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் தடுமாறின.

எனவே உங்கள் டெக்னீஷியனிடம் ஒரே வாக்கியம் சொல்லுங்கள்: ‘டெல்நெட்டை மூடிவிட்டு எஸ்.எஸ்.எச். மட்டும் வையுங்க.’ தெரிந்தவருக்கு அது ஐந்து நிமிட வேலை.

நான்காவது கதவு: எஸ்.என்.எம்.பி.

இது மனிதர்களை விட மென்பொருள்கள் அதிகம் பயன்படுத்தும் கதவு. எந்த போர்ட்டில் எவ்வளவு போக்குவரத்து, பெட்டி சூடாக இருக்கிறதா என்றெல்லாம் சுவிட்சைக் கேட்டுக்கொண்டே இருப்பதற்கு வைத்தது. பழைய வகைகளில் இதன் சாவி வெறும் ஒரு சொல்தான். பல பெட்டிகளில் படிப்பதற்கு ‘பப்ளிக்’, மாற்றுவதற்கு ‘பிரைவேட்’ என்ற சொல்லையே வைத்து அனுப்பினார்கள். உலகத்துக்கே தெரிந்த சாவி அது! யாரும் பயன்படுத்தவில்லை என்றால் அணைத்துவிடுங்கள். தேவை என்றால் அதன் மூன்றாம் பதிப்பை மட்டும் வையுங்கள்; அதில் யூசர்நேம், பாஸ்வேர்டு, மறைகுறியீடு எல்லாம் உண்டு.

ஐந்தாவது கதவு: மொபைல் ஆப்

இப்போது வரும் பல சுவிட்சுகளைப் போனில் இருக்கும் ஆப் வழியாகவே பார்க்கலாம். க்யூ.ஆர். குறியை ஸ்கேன் செய்தால் பெட்டி உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். தளியில் இருந்துகொண்டு ஓசூர் சுவிட்சின் போர்ட்டை அணைத்து ஏற்றலாம். நல்ல வசதிதான்.

ஆனால் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: அந்தக் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது? மாட்டிக்கொடுத்தவர் தன் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்துவிட்டுப் போயிருந்தால், சட்டப்படி பெட்டி உங்களுடையது. நடைமுறையில் அது அவருடையது. அவர் தன் போனைத் தொலைத்தால்கூட உங்களுக்கு ஆபத்து. உங்கள் தொழிலுக்கென்று ஒரு மின்னஞ்சல் வைத்து, அதில் பதிவு செய்து, டெக்னீஷியனை அதற்குள் துணை உறுப்பினராக மட்டும் சேருங்கள். வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம். இருபடிச் சரிபார்ப்பையும் போட்டு வையுங்கள்; ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வரட்டும்.

திறந்து விட்ட கதவின் விலை

வசதிக்காகத் திறந்து வைத்த கதவை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018 ஏப்ரல் ஓர் உதாரணம். சிஸ்கோ சுவிட்சுகளில், ஆள் போகாமலே புதுப் பெட்டியைத் தானாக செட்டிங் செய்துகொள்ளும் ‘ஸ்மார்ட் இன்ஸ்டால்’ என்ற வசதி இருந்தது. செட்டிங் முடிந்ததும் அதை அணைக்க வேண்டும். பலர் அணைக்கவில்லை. இதைத் தவறாகப் பயன்படுத்த முடியும் என்று 2017-லேயே சிஸ்கோ எச்சரித்தது. 2018 மார்ச் கடைசியில் ஓட்டையை அடைக்கும் மென்பொருளும் வந்தது. அடுத்த சில நாட்களில், ஏப்ரல் 6-ஆம் தேதி, தாக்குதல் நடந்தது. உலகம் முழுவதும் சுமார் 2 லட்சம் சுவிட்சுகள் பாதிக்கப்பட்டதாக ஈரானின் தகவல்தொழில்நுட்ப அமைச்சகம் சொன்னது. ஈரானில் மட்டும் 3,500. பெட்டிகளின் செட்டிங் அழிந்து, திரையில் அமெரிக்கக் கொடியும் எங்கள் தேர்தலில் தலையிடாதீர்கள் என்ற வாசகமும் வந்தன.

ஈரானுக்கும் ஓசூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். திறந்த கதவைத் தேடும் நிரலுக்கு ஊர் தெரியாதுங்க. அது எண்களை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகும்.

பாஸ்வேர்டு விஷயத்தில் பிரிட்டன் சட்டமே போட்டுவிட்டது. 2024 ஏப்ரல் 29 முதல் அங்கே இணையத்தோடு இணையும் நுகர்வோர் கருவிகளை, எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்கக் கூடாது. நம் பெட்டிக்கு நாமே அந்தச் சட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். கம்பெனி பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள்.

மின்தடைக்குப் பிறகு மறந்துபோகும் பெட்டி

இது நம்ம பகுதியில் அடிக்கடி குழப்பம் தரும் விஷயம். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்துவார்கள். கரண்ட் திரும்பி வரும். சுவிட்ச் விளக்குகளும் எரியும். ஆனால் கேமரா வராது, பிரிண்டர் வராது. பெட்டி பழுது என்று நினைத்துப் புதிது வாங்கப் போவோம்.

பல சுவிட்சுகளில் செட்டிங் இரண்டு பிரதிகளாக இருக்கும். ஓடிக்கொண்டிருப்பது ஒன்று, சேமித்து வைத்தது ஒன்று. டெக்னீஷியன் செய்த மாற்றம் முதல் பிரதியில் உடனே வேலை செய்யும். ‘சேவ்’ கொடுக்காமல் போய்விட்டால், கரண்ட் போனதும் அது காற்றோடு போய்விடும். பெட்டி பழைய பிரதியை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கும்.

எனவே எந்த வேலை முடிந்தாலும் அவர் கிளம்புவதற்கு முன் இரண்டு காரியம் செய்யச் சொல்லுங்கள். ஒன்று, ‘சேவ் பண்ணிட்டீங்களா?’ இரண்டு, அவர் கண் முன்னாலேயே ஒரு தடவை சுவிட்சை அணைத்து ஏற்றுங்கள். எல்லாம் திரும்பி வந்தால் பணம் கொடுங்கள். வேலை நடக்கும் ஷிப்டில் இதைச் செய்யாமல், சாப்பாட்டு இடைவேளையிலோ ஷிப்டு முடிந்த பிறகோ செய்வது நல்லது.

பாஸ்வேர்டு தெரியாது என்றால்?

வழி இருக்கிறது. பல பெட்டிகளில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ரீசெட் துளை இருக்கும். சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் பெட்டி புதுசாக வாங்கிய நிலைக்குப் போய்விடும். எவ்வளவு நேரம், எப்படி என்பது மாடலுக்கு மாடல் மாறும். பெரிய சுவிட்சுகளில் கன்சோல் கதவு வழியாகத்தான் செய்ய வேண்டும்.

ஆனால் அவசரப்படாதீர்கள். ரீசெட் செய்தால் பாஸ்வேர்டோடு சேர்ந்து எல்லா செட்டிங்கும் போய்விடும். வி-லேன் சுவர்கள் இடிந்துவிடும். எனவே முதலில் போனை எடுத்து, எந்த போர்ட்டில் எந்தக் கேபிள் என்று தெளிவாகப் படம் எடுங்கள். கேபிள்களுக்குச் சின்ன லேபிள் ஒட்டுங்கள். திரும்ப செட்டிங் செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை போல வேலை இல்லாத நாளில் செய்யுங்கள்.

ஓர் உறை, நான்கு விவரம்

வீட்டுப் பத்திரத்தை நாம் யாரிடமாவது கொடுத்துவிட்டு மறப்போமா? சுவிட்சுக்கும் அப்படி ஒரு பத்திரம் வேண்டும். ஒரு தாளில் நான்கு விவரம் எழுதுங்கள். சுவிட்சின் மாடலும் சீரியல் எண்ணும். அதன் ஐ.பி. அட்ரஸ். யூசர்நேமும் பாஸ்வேர்டும். செட்டிங்கின் காப்புப் பிரதி எந்தப் பென்டிரைவில் இருக்கிறது என்பது. உறையில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதி, பீரோவில் வையுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தின் தலைவர், செயலாளர் இருவருக்கும் உறை இருக்கும் இடம் தெரிய வேண்டும். நிர்வாகிகள் மாறும்போது சாவிக்கொத்தோடு இதையும் ஒப்படைக்க வேண்டும்.

இந்த விவரங்களை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். செட்டிங் காப்புக் கோப்பையும் அனுப்பாதீர்கள். அதற்குள்ளேயே பாஸ்வேர்டு இருக்கலாம்.

புதிதாக வேலை கொடுக்கும்போது பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரி சேருங்கள்: ‘பாஸ்வேர்டும் காப்புப் பிரதியும் ஒப்படைத்த பிறகே கடைசித் தவணை.’ வேலைக்காரரை நம்பவில்லை என்று அர்த்தம் இல்லை. நல்ல டெக்னீஷியன் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்; நள்ளிரவில் அவரைப் போனில் எழுப்ப வேண்டியதில்லை, பாருங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்

பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கும் நேரில் போகலாம்.

நிறுவனம் நடத்துபவர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. இந்தியக் கணினி அவசரகால உதவிக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவின்படி, பட்டியலிட்ட சைபர் சம்பவங்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அந்த உத்தரவு 2022 செப்டம்பர் 25 வரை தள்ளிவைக்கப்பட்டது. இப்போது நடப்பில் இருக்கிறது. செர்ட்-இன் உதவி எண் 1800-11-4949. சுவிட்சின் கடிகாரம் தவறாக ஓடினால் எந்தச் சம்பவம் எப்போது நடந்தது என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. எனவே நேரத்தையும் சரிபார்த்து வையுங்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஊராட்சிகளுக்கு ஃபைபர் இணைப்பு கொண்டுபோகும் வேலையைத் தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் நிறுவனம் செய்கிறது. வருமானச் சான்று, சாதிச் சான்று என்று நாம் இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று வாங்கும் ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் எங்கோ ஒரு சுவிட்ச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. கேபிள் ஊருக்குள் வர வர, இந்தப் பெட்டிகளும் நம் ஊர்களில் பெருகும். மையம் நடத்தும் ஆப்பரேட்டர்கள், பள்ளித் தலைமையாசிரியர்கள், சங்க நிர்வாகிகள் எல்லோருக்கும் இந்தப் பொறுப்பு வரும்.

நீங்கள் எல்லோரும் நெட்வொர்க் பொறியாளராக வேண்டியதில்லை. மோட்டார் மெக்கானிக் ஆகாமலே நாம் வண்டிச் சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம், இல்லையா? அதே மாதிரிதான் இதுவும். இந்த வாரத்துக்குள் மூன்று வேலை செய்யுங்கள். பெட்டியின் ஸ்டிக்கரைப் படம் எடுத்து எந்த வகை என்று பாருங்கள். மாட்டிக்கொடுத்தவரின் நம்பர் இன்னும் வேலை செய்யும்போதே அழைத்து, பாஸ்வேர்டை வாங்கி, நீங்களே உள்ளே போய் அதை மாற்றுங்கள். மாற்றியதைத் தாளில் எழுதி உறையில் போட்டு பீரோவில் வையுங்கள்.

மறக்காமல் சேவ் கொடுங்கள்.